பளிங்கும் பாறையும்: பாலாற்றுச் சமணப் பள்ளிகளை அளக்கும் கோல் பற்றிய ஒரு திறனாய்வு

1. முன்னுரை

சமணர் கட்டடக்கலை என்ற அளவிலே கற்றோர் உள்ளத்தில் முதற்கண் தோன்றுவன மேற்கிந்தியாவின் வெண்பளிங்குக் கோயில்களே ஆகும். ஆபு மலையின்கண் தில்வாராவில் 1031ஆம் ஆண்டில் விமலன் என்னும் அமைச்சன் எடுப்பித்த விமலவசகியும், அதன் அயலே 1230ஆம் ஆண்டில் தேஜபாலன் எடுப்பித்த லூணவசகியும், பதினைந்தாம் நூற்றாண்டில் எழுந்த இராணகபுரத்துப் பெருங்கோயிலும் காண்பார் கண்ணையும் கருத்தையும் ஒருங்கே கவர்வன. அவற்றைக் கண்டு வியத்தல் முறையே. ஆயின் வியப்பு வேறு, அளவுகோல் வேறு. ஒரு நாட்டுக் கோயிலைக் கண்டு எழுந்த வியப்பையே மற்றொரு நாட்டுக் கோயிலை அளக்கும் கோலாகக் கொள்ளும்போது பிழை நேர்கின்றது.

அப்பிழை நம்மிடையே வேரூன்றியுள்ளது. வேலூர், ஆம்பூர்ப் பகுதிகளிலிருந்து ஆபு மலைக்குச் சென்று மீள்வோர், தம் ஊர்க்கு அண்மையிலுள்ள மலைக்குகைகளைக் குறித்து, "ஈண்டு என்ன உளது? நான்கு உருவங்களும் ஒரு சுனையுமே" என்பர். இஃது எளிய பயணிகளின் கூற்று மட்டும் அன்று. கட்டடக்கலை வரலாறு எழுதினோர் நூல்களிலும் இக்கருத்து வேறு சொற்களில் இடம்பெற்றிருத்தலைக் காணலாம். தமிழ்நாட்டுச் சமணர்க்கு இலக்கியம் உண்டு, இலக்கணம் உண்டு, கட்டடக்கலை என்று சொல்லத்தக்கது சிறிதே என்பது அதன் சாரம்.

பாலாற்றுப் படுகையிலுள்ள வள்ளிமலை, பஞ்சபாண்டவர் மலை, அருமாமலை என்னும் மூன்றையும், அவற்றிற்குத் தெற்கே போளூரை அடுத்துள்ள திருமலையையும் சான்றாகக் கொண்டு இக்கருத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். இம்மலைகளின் இன்றைய வெறுமை அவற்றின் இயல்பு அன்று. அது பின்னர் நேர்ந்த இழப்பு என்பது ஈண்டு நிறுவப்பெறும்.

2. சமயப் பாணியா, நிலப் பாணியா?

1876ஆம் ஆண்டில் வெளிவந்த தம் இந்தியக் கட்டடக்கலை வரலாற்றில் சேம்சு பெர்குசன், கட்டடப் பாணிகளிற் சிலவற்றைச் சமயத்தின் பெயரால் வகுத்தார். பௌத்தப் பாணி, சமணப் பாணி என்னும் பெயர்கள் அவ்வழியே நிலைபெற்றன. முன்னோடியாக நின்று பெரும்பரப்பை ஒழுங்குபடுத்திய அவருடைய உழைப்பு போற்றத்தக்கது. எனினும், இப்பகுப்பு ஒரு தவறான எதிர்பார்ப்பைத் தோற்றுவித்தது. சமணப் பாணி என ஒன்று உளது என்று கொண்டால், அது முழுமையாக மலர்ந்த இடம் ஆபு மலை என்றும், ஏனைய இடங்களில் உள்ளவை அதன் தேய்ந்த வடிவங்கள் என்றும் கொள்ள நேரும்.

இவ்வெதிர்பார்ப்பு சான்றுக்கு ஒவ்வாது. விமலன் குசராத்துச் சோலங்கி வேந்தன் முதலாம் பீமனின் அமைச்சன். அவ்வேந்தன் காலத்திலேயே, விமலவசகிக்குச் சில ஆண்டுகள் முன்னதாக, மொதேராவில் கதிரவன் கோயில் எழுந்தது. ஒன்று சமணக் கோயில், மற்றது சமணம் அல்லாதது. ஆயினும் தூண்களின் அமைப்பும், வளைவுகளும், விதானத்தின் அடுக்குகளும் ஒரே கைவழக்கைச் சார்ந்தவை. கல் மட்டுமே வேறு. ஆதலின் தில்வாராவில் நாம் காண்பது மேற்கிந்தியச் சிற்பியரின் நிலப் பாணியே அன்றிச் சமணத்திற்கே உரிய பாணி அன்று என்பது போதரும்.

தமிழகத்திலும் இதுவே உண்மை. காஞ்சிபுரத்தை அடுத்த திருப்பருத்திக்குன்றத்துச் சினாலயத்தில் விசயநகர அமைச்சன் இருகப்பன் 1387ஆம் ஆண்டளவில் எடுப்பித்த சங்கீத மண்டபம் அக்காலத் தமிழ்நாட்டுக் கோயில் மண்டபங்களின் இனத்தது. சமணர் எந்நாட்டில் வாழ்ந்தனரோ அந்நாட்டுக் கல்லையும் அந்நாட்டுச் சிற்பியின் கையையுமே கொண்டனர். ஆகவே ஆபுவையும் வள்ளிமலையையும் ஒரே பாணியின் உச்சமும் தாழ்வுமாக நிறுத்துதல் பொருந்தாது.

3. சொல் காட்டும் உறவு

பாணியால் வேறுபட்ட இவ்விரு வகைக்கும் உறவு யாதும் இல்லையோ எனின், உண்டு. அவ்வுறவைச் சொல் காட்டுகின்றது.

முதற்கண் பளிங்கு என்னும் சொல்லை நோக்குவோம். இன்று பளிங்குக்கல் என்றும் சலவைக்கல் என்றும் நாம் வழங்குவது சுண்ணச் சத்து மிக்க வெண்கல். பழந்தமிழில் பளிங்கு என்றது ஒளி ஊடுருவும் படிகத்தை. மணிமேகலையில் உவவனத்துப் பளிக்கறை உள்ளிருப்பாரின் உருவைப் புறத்தே காட்டும், ஓசையை வெளிவிடாது. இவ்வியல்பு படிகத்துக்கு ஏற்கும். ஆபுவின் வெண்கல்லுக்கு ஏலாது. இவ்வேறுபாட்டை மறந்து, பளிக்கறையைக் கொண்டு பழந்தமிழகத்தில் பளிங்குக் கட்டடம் இருந்தது என்று காட்ட முயல்வோர் உளர். அது சொல்லின் பொருள் மாற்றத்தைக் கருதாமையால் வரும் பிழை. பெருமை தேடிச் சான்றைத் திரித்தல் ஆராய்ச்சி ஆகாது.

அடுத்து வசகி என்னும் சொல். விமலவசகி, லூணவசகி என்னும் பெயர்களின் ஈற்றில் நிற்பது வடமொழி வசதி என்பதன் திரிபு. உறையுள் என்பது அதன் பொருள். கன்னட நாட்டில் அதுவே பசதி என வழங்கும். வள்ளிமலையில் கங்க மன்னன் இராசமல்லன் தான் அமைத்ததாகக் கல்வெட்டில் கூறுவதும் ஒரு வசதியையே. சிவமாரன், சிரீபுருடன், இரணவிக்கிரமன் என்னும் முன்னோர் வரிசையை உரைத்து, இம்மலையைக் கண்டு கைக்கொண்டு வசதி அமைத்த செய்தியை அக்கல்வெட்டு கூறுகின்றது. காலம் ஒன்பதாம் நூற்றாண்டு. ஆபுவின் பளிங்கு மாளிகைக்கும் வள்ளிமலையின் பாறைக்குகைக்கும் இரு நூற்றாண்டு இடைவெளியில் ஒரே பெயர் வழங்கியிருத்தல் நோக்கத்தக்கது.

தமிழில் இதற்கு நேரானது பள்ளி. பள்ளி என்பது கிடக்கை, அதன் வழியே துறவோர் உறையுள், அதன் வழியே கல்வி பயிலும் இடம் எனப் பொருள் விரிந்தது. கோயில் என்பதோ கோவின் இல். இறைவனாயினும் அரசனாயினும் வீற்றிருக்கும் மாளிகை. இவ்விரு சொற்களையும் ஒன்றாக மயக்கியதே நம் மதிப்பீட்டில் நேர்ந்த பிழைக்கு ஒரு காரணம். துறவோர் உறையுளாகத் தோன்றி, பின்னர் வழிபாட்டிடமாக வளர்ந்த ஒன்றனை, தொடக்கத்திலேயே கோயிலாக எழுந்த கட்டடத்தின் முகப்பையும் விமானத்தையும் தேடி நோக்கின் ஏமாற்றமே மிஞ்சும்.

இன்னும் ஒன்று. தில்வாராக் கோயில்களின் புறத்தோற்றம் மிக எளியது. வெளியே நின்று நோக்குவார்க்கு உள்ளிருக்கும் அழகு சிறிதும் புலனாகாது. வாயிலைக் கடந்து உட்சென்ற பின்னரே தூண்களும் விதானமும் நடுவே தொங்கும் பளிங்கு மலரும் கண்முன் விரிகின்றன. முற்றத்தைச் சூழச் சிற்றறைகள் நிரல்பட நிற்கின்றன. புறத்தே அடக்கமும் அகத்தே நிறைவும் கொண்ட இவ்வமைப்பு குகையின் அமைப்பை நினைப்பிக்கின்றது.

4. நான்கு மலைகள்

இனி நம் மலைகளின் இயல்பைத் தனித்தனியே காண்போம். இவற்றின் பெயர்களையும் கல்வெட்டுச் செய்திகளையும் மயிலை சீனி. வேங்கடசாமி அவர்களின் "சமணமும் தமிழும்" என்னும் நூலும் (1954), அதற்கு முன்பும் பின்பும் வந்த கல்வெட்டுத் தொகுதிகளும் நமக்கு அளித்துள்ளன. அப்பணி இன்றேல் இக்கட்டுரைக்கு இடமே இல்லை. ஆயினும் ஊர், அரசன், ஆண்டு என்னும் வரிசையில் அமைந்த அப்பட்டியல்கள், ஒரு மலையை முழுமையான ஓர் அமைப்பாக நோக்கும் வாய்ப்பை நமக்கு விட்டுவைத்துள்ளன.

வள்ளிமலை, பாலாற்றின் துணையாறாகிய பொன்னையாற்றை அடுத்து, மேற்பாடிக்கு அண்மையில் உள்ளது. இன்று முருகன் வள்ளியை மணந்த தலமாக மக்கள் வழிபடும் மலை அது. அதன் ஒரு பக்கத்தே இயற்கைக் குகையும், பாறையின் நெற்றியில் புடைப்பாகச் செதுக்கிய தீர்த்தங்கரர் உருவங்களும் உள. அச்சணந்தி படாரர் செய்வித்த படிமங்களையும், பாண அரசனுக்குக் குரவராக விளங்கிய, பவணந்தியின் மாணாக்கர் தேவசேனரின் படிமத்தையும் ஆங்குள்ள கன்னடக் கல்வெட்டுகள் குறிக்கின்றன. தீர்த்தங்கரரோடு ஆசிரியரின் உருவமும் பாறையில் இடம்பெறுதல் கருதத்தக்கது. பள்ளி என்பது ஆசிரியர் வழி நிலைபெறுவது என்னும் கொள்கை கல்லிலேயே காட்டப்பெற்றுள்ளது.

பஞ்சபாண்டவர் மலை ஆர்க்காட்டை அடுத்து, விளாப்பாக்கத்தின் அருகே உள்ளது. பழம்பெயர் திருப்பான்மலை. தமிழகத்தில் சமணர் குகைகள் பலவற்றிற்கு மக்கள் பாண்டவர் பெயரை இட்டமைக்கு இதுவும் ஒரு சான்று. மலையின் கிழக்கே பன்னிரு தூண்களும் ஏழு அறைகளும் கொண்ட குடைவரை ஒன்று முற்றுப்பெறாது நிற்கின்றது. தெற்கே சுனையோடு கூடிய இயற்கைக் குகை உளது. ஆங்கு நந்திபோத்தரசரின் 50ஆம் ஆட்சியாண்டில், நாகணந்தி என்னும் குரவர் இருக்க, பொன்னியக்கியார் படிமத்தை நாரணன் என்பான் கொத்துவித்த செய்தி பொறிக்கப்பெற்றுள்ளது. அவன் புகழாளைமங்கலத்து மருத்துவரின் மகன். கொத்துவித்தான் என்னும் வினையை ஊன்றி நோக்குக. எடுப்பித்தான் என்றோ, எழுந்தருளுவித்தான் என்றோ கூறாது, கல்லில் உளி விழும் செயலையே அச்சொல் கூறுகின்றது. அதே மலையில் முதலாம் இராசராசனின் 8ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று உளது. இலாடராசன் வீரசோழன் தன் தேவியின் வேண்டுகோளுக்கு இணங்கி, பள்ளிச்சந்தமாகிய கூறகன்பாடியின் மீது இருந்த கற்பூர விலை முதலிய இறைகளை நீக்கியதை அது கூறுகின்றது.

அருமாமலை ஆம்பூரை அடுத்த மலையம்பட்டில் உளது. இயற்கையாய் அமைந்த பெருங்குகையின் உள்ளே சுடாத செங்கல்லால் சுவர் எழுப்பி அறைகளாக வகுத்தனர். பாறையின் முகட்டிலும் சுவரிலும் சுதை பூசி ஓவியம் தீட்டினர். எண்திசைக் காவலர் உருவங்களும், தாமரைப் பொய்கையும், கொடிகளும் அவற்றில் இடம்பெற்றன. எட்டு அல்லது ஒன்பதாம் நூற்றாண்டினவாக மதிக்கப்பெறும் இவ்வோவியங்கள் சித்தன்னவாசல் ஓவியங்களோடு ஒப்பிடத்தக்கவை. பெரும்பகுதி உதிர்ந்து, இன்று எஞ்சியவை துணுக்குகளே.

திருமலை, திருவண்ணாமலை மாவட்டத்தில் போளூரை அடுத்துள்ளது. பழம்பெயர் வைகாவூர்த் திருமலை. மலைமேல் ஏறத்தாழ 16 அடி உயரமுள்ள நேமிநாதர் உருவம் பாறையில் செதுக்கப்பெற்றுள்ளது. அடிவாரத்தில் குந்தவை சினாலயம் உளது. பாறையின் நிழலில் செங்கல்லும் சுதையும் கொண்டு அடுக்கடுக்காய் எழுப்பிய அறைகளில் பல காலத்து ஓவியங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக உள. முதலாம் இராசேந்திரனின் கங்கைப் படையெடுப்பை உரைக்கும் மெய்க்கீர்த்தியோடு கூடிய கல்வெட்டில், பெரும்பாணப்பாடியைச் சேர்ந்த வணிகன் நன்னப்பயன் மனைவி சாமுண்டப்பை, குந்தவை சினாலயத்து இறைவர்க்கு நந்தாவிளக்குக்கும் திருவமுதுக்கும் காசு அளித்தமை குறிக்கப்பெற்றுள்ளது.

5. வெறுமைக்குக் கூறப்படும் காரணங்கள்

இம்மலைகள் பளிங்குக் கோயில்களைப்போல் அணிபெறாமைக்கு மூன்று காரணங்கள் கூறப்படுவதுண்டு. அவற்றை ஒவ்வொன்றாக ஆராய்வோம்.

முதலாவது, புரவலர் இன்மை. ஆபுவில் பெருஞ்செல்வரான அமைச்சர் இருந்தனர். ஈண்டு அத்தகையோர் இலர் என்பர். மேற்காட்டிய சான்றுகளே இதனை மறுக்கும். கங்க மன்னன், பாண அரசனின் குரவர், இலாடராசனும் அவன் தேவியும், சோழர் குலத்துக் குந்தவையின் பெயர், வணிகன் மனைவி, மருத்துவன் மகன் எனப் பலதிறத்தாரும் இம்மலைகளோடு தொடர்பு கொண்டிருந்தனர். கொடை குறைந்தது என்று கூறுதற்கு இடம் இல்லை.

இரண்டாவது, கல்லின் வன்மை. இக்கூற்றில் உண்மை ஓரளவு உண்டு. பளிங்கின் முதன்மைக் கனிமமாகிய கால்சைட்டின் கடினத்தன்மை மோசு அளவையில் 3. நம் கருங்கல்லில் உள்ள பெல்சுபாருக்கு 6; குவார்ட்சுக்கு 7. பளிங்கை அராவியும் சுரண்டியும் இழையாக்கலாம். கருங்கல்லையோ கூருளியால் பொத்திப் பொத்தியே உருவாக்க வேண்டும். மெல்லிய பகுதியை ஆழ அகழ்ந்து விடுவிக்க முற்பட்டால் கல் தெறித்துவிடும். ஆயினும் இதனையே முழுக் காரணமாகக் கொள்ள இயலாது. வேலூர்க் கோட்டையினுள் சலகண்டேசுவரர் கோயிலின் கல்யாண மண்டபத்தை நோக்குக. பதினாறாம் நூற்றாண்டைச் சார்ந்த அம்மண்டபத்தில் யாளியும் பாய்பரியும் வீரரும் கருங்கல் தூண்களினின்றும் புடைபெயர்ந்து வருவன போல நிற்கின்றன. காலம் பிற்பட்டது, உளியும் பயிற்சியும் வளர்ந்தன என்பது மெய்யே. எனினும் கல் வன்மையுடையது ஆதலின் அணி இல்லை என்னும் முடிபு நில்லாது.

மூன்றாவது காரணத்தைத் தமிழ்ப் பற்றுடையோர் கூறுவர். வடபுலத்துச் சமணர் ஆடம்பரத்தில் ஆழ்ந்தனர். தமிழ்ச் சமணரோ துறவின் தூய்மையைப் போற்றி வெறும் பாறையோடு அமைந்தனர். ஆதலின் நம் எளிமையே உயர்ந்தது என்பது அவர் வாதம். கேட்டற்கு இனிதாயினும் இதுவும் சான்றுக்கு ஒவ்வாது. படிமத்தின் எளிமை வேறு, இடத்தின் எளிமை வேறு. திகம்பரர் தீர்த்தங்கரர்க்கு ஆடையும் அணியும் இடார். அஃது அவர் கொள்கை. ஆனால் அப்படிமம் இருக்கும் இடத்தை அவர் அணி செய்யாது விட்டாரல்லர். மதுரைக்காஞ்சி கூறும் அமண்பள்ளியில் சுவர்கள் செம்பினால் ஆயின போலச் செந்நிறம் பெற்று உயர்ந்து நிற்கும். சாவகர் பூவும் புகையும் கொண்டு வழிபடுவர். வெறும் பாறையைப் போற்றும் மனநிலை அங்கு இல்லை. அருமாமலையும் திருமலையும் சித்தன்னவாசலும் இதனையே வலியுறுத்துகின்றன.

6. அணி கல்லில் இல்லை, பூச்சில் இருந்தது

இம்மூன்று காரணங்களும் வெவ்வேறு திசையினவாயினும் ஓர் எடுகோளில் ஒன்றுபடுகின்றன. இன்று நாம் காணும் வெறும்பாறையே அன்று துறவோர் கண்ட பள்ளி என்பது அவ்வெடுகோள். இதனைத்தான் ஐயுற வேண்டும்.

கல்லுக்கு முன்னர்த் தமிழகக் கட்டடங்கள் செங்கல், மரம், உலோகம், சுதை என்பவற்றால் ஆயின. ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்மன் மண்டகப்பட்டில் குடைவித்த கோயிலில், இந்நான்கும் இன்றித் தான் அதனை அமைத்ததாகக் கல்வெட்டில் கூறிக்கொள்கின்றான். அவன் அதனைப் புதுமையாக எடுத்துரைத்தலின், அவை இருந்தமையே முந்திய வழக்கு என்பது பெறப்படும். குடைவரையும் கற்றளியும் வந்த பின்னரும் சுதையும் வண்ணமும் நீங்கினவல்ல. பாறைமேல் சுண்ணப் பூச்சு, அதன்மேல் வண்ணம் என்பதே முடிந்த நிலை. உளியின் வேலை அடித்தளம். பூச்சும் வண்ணமுமே நிறைவு.

இவ்வாறு நோக்கின் ஒப்புமையின் நிலையே மாறுகின்றது. ஆபுவில் அணி கல்லிலேயே உளது. கல் உள்ளளவும் அணியும் உளது. பாலாற்று மலைகளில் அணி பூச்சில் இருந்தது. மழை கசிய, வெளவால் அடைய, ஆடுமாடு ஒதுங்க, அடுப்புப் புகை படரப் பூச்சு உதிர்ந்தது. உதிர்ந்த பின் எஞ்சியது உளி தொட்ட பாறை. ஆகவே இவ்விரண்டையும் ஒப்பிடுவோர் ஒரு கலையின் முழுமையையும் மற்றொரு கலையின் எலும்பையும் அருகருகே நிறுத்தி மதிப்பிடுகின்றனர். அருமாமலையில் எஞ்சிய துணுக்குகள் சிறியனவாயினும் இழந்தது இன்னது என்று காட்டும் அளவிற்கு அவை போதியன.

ஒரு தடை எழலாம். அருமாமலையும் திருமலையும் வண்ணம் பெற்றிருந்தமையால் வள்ளிமலையும் பஞ்சபாண்டவர் மலையும் அவ்வாறே இருந்தன என்று கூறலாமோ எனின், உறுதியாகக் கூறுதல் இயலாது. மலைதோறும் தனித்தனியே ஆராய்ந்து முடிவு காண வேண்டும். பாறையின் மடிப்புகளிலும் படிமங்களின் பின்புறத்திலும் சுண்ணத்தின் சுவடு உளதா என்று தேர்ந்தார் நோக்குதல் வேண்டும். ஆயின் சுவடு காணப்பெறாத இடத்தில் வெறுமையைக் கொள்கையாக்குதலும், கையாலாகாமையாக்குதலும் ஒருசேரத் தவறு என்பது துணிபு.

பளிங்குக் கோயில்களின் வெண்மையும் தானே நிலைத்தது அன்று. விமலவசகி பதினான்காம் நூற்றாண்டில் சிதைவுற்றுப் புதுப்பிக்கப்பெற்றது. இருபதாம் நூற்றாண்டிலும் தில்வாராவில் பெருந்திருப்பணி நடந்தது. பழுதுற்ற பகுதிக்கு ஈடாக அதே இனத்துக் கல்லைக் கொணர்ந்து, அதே மரபில் வந்த சிற்பியரைக் கொண்டு செதுக்குவித்தனர். ஆங்குக் கோயிலைச் சூழ ஒரு வழிபாட்டுக் குழு இடையறாது நின்றது. ஈண்டு அக்குழு பாலாற்றங்கரையினின்றும் பெரும்பாலும் நீங்கி, ஆரணி, வந்தவாசி, திண்டிவனம் பகுதிகளில் நிலைபெற்றது. வழிபடுவார் உள்ள திருமலை உயிரோடு நிற்பதையும், வழிபடுவார் இல்லாத அருமாமலை உதிர்வதையும் ஒப்பிட்டால் இவ்வேறுபாட்டின் வலிமை விளங்கும்.

7. நீரும் பள்ளியும்

இம்மலைகளைக் கட்டடமாக மட்டும் நோக்குவோர் காணாது விடும் கூறு ஒன்று உளது. அது நீர். திருமலையில் இராசராசனின் 21ஆம் ஆட்சியாண்டில் குணவீர மாமுனிவன் என்பார் கணிசேகர மருபொற்சூரியன் பெயரால் மதகு ஒன்று அமைத்தார். விளாப்பாக்கத்தில் முதலாம் பராந்தகனின் 38ஆம் ஆட்சியாண்டில், திருப்பான்மலை அரிட்டநேமி அடிகளின் மாணாக்கியாராகிய பட்டினிக் குரத்தியடிகள் கிணறு தோண்டுவித்தார். பின்னாளில் திருமலையில் எழினி வைத்த இயக்கன் இயக்கி உருவங்களைப் புதுப்பித்த அதியர் கோமான் விடுகாதழகிய பெருமாளும் ஆங்கு ஒரு கால்வாய் அமைத்தான். உருவத்தைச் சீர்செய்தலும் நீர்வழி அமைத்தலும் ஒரே அறச்செயலின் இரு கூறுகளாகக் கல்வெட்டில் நிற்கின்றன. பள்ளியின் எல்லை குகைவாயிலோடு முடியவில்லை. கழனிக்குப் பாயும் மதகு வரையில் அது விரிந்தது. இதனைக் கட்டடக்கலையின் புறம்பே தள்ளுதல் இயலாது. தில்வாரா விதானத்தில் தொங்கும் பளிங்கு மலருக்கு இணையாக இங்கு எதனைக் காட்டுவது என்று வினவுவார்க்கு, குரத்தியடிகளின் கிணற்றையும் காட்டலாம்.

இவ்விடத்தே இன்றைய நிலையைக் கூறாது செல்லுதல் நேர்மை ஆகாது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை என்னும் ஊர்கள் தோல் பதனிடும் தொழிலாற் பெயர்பெற்றவை. ஆவாரம்பட்டை கொண்டு பதனிட்ட பழைய முறை மாறி, குரோமிய உப்பு வழங்கலான பின், கழிவுநீரால் பாலாற்றுப் படுகையின் நிலத்தடி நீர் கெட்டது. வேலூர்க் குடிமக்கள் நலப் பேரவை தொடுத்த வழக்கில் 1996ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு இதனைப் பதிவு செய்துள்ளது. மாசு செய்தாரே அதன் இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்னும் நெறியையும் இந்நாட்டுச் சட்டத்தில் நிலைநாட்டியது. கொல்லாமையைப் போற்றியோர் வாழ்ந்த மலையடியில் தோல் தொழில் நடக்கின்றது என்று எள்ளி உரைத்தல் எளிது. அது பயனற்ற சொல். பல்லாயிரம் குடும்பங்களின் வாழ்வு இத்தொழிலைச் சார்ந்தது. கருதத்தக்கது வேறு. ஆயிரம் ஆண்டுகட்கு முன் இந்நிலத்தில் அறம் என்பது பிறர்க்கு நீர் தருதலாகக் கருதப்பெற்றது என்பதற்கு இம்மலைகளே எழுத்துச் சான்று. அச்சான்றைப் படிக்கும் நாம், அந்நீர் இன்று என்னாயிற்று என்று வினவாதிருத்தல் படிப்பின் குறையாகும்.

8. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன இவை. சமணப் பாணி என ஒரே பாணி இல்லை. சமணர் அவ்வந்நிலத்துக் கல்லையும் கைவழக்கையும் கொண்டனர். ஆபுவின் வசகியும் வள்ளிமலையின் வசதியும் உறையுள் என்னும் ஒரே கருத்தினின்றும் தோன்றியவை. பாலாற்று மலைகளின் வெறுமைக்குப் புரவலர் இன்மையோ, கல்லின் வன்மையோ, துறவின் கடுமையோ தக்க காரணம் ஆகாது. அருமாமலையும் திருமலையும் காட்டுமாறு, அணி பூச்சிலும் வண்ணத்திலும் இருந்தது. பூச்சு உதிர்ந்தமையால் அணி மறைந்தது.

இம்முடிபு ஏற்கத்தக்கதாயின் அதன் வழியே ஒரு கடமையும் எழுகின்றது. கல்லில் அணி உடைய கோயில் சில நூற்றாண்டு புறக்கணிப்பையும் தாங்கும். பூச்சில் அணி உடைய பள்ளி ஒரு மழைக்காலப் புறக்கணிப்பையும் தாங்காது. அருமாமலையில் எஞ்சியுள்ள ஒவ்வொரு துணுக்கையும் அளந்து, வரைந்து, ஒளிப்படம் எடுத்து வெளியிடுதல் உடனடித் தேவை. பழம்பள்ளிகளைச் செப்பனிட முற்படுவோர் வடபுலத்துக் கோயில்போல் ஆக்கும் எண்ணத்தால் பாறையில் வண்ணநெய் பூசுதலும், தரையில் பளபளக்கும் கற்களைப் பதித்தலும் அறவே ஒழியவேண்டும். அவை எஞ்சிய சுண்ணச் சுவட்டையும் அழித்துவிடும்.

தமிழ்த்துறை மாணவர்க்கு இப்பணியில் தனி இடம் உண்டு. படிமம், கொத்துவித்தல், பள்ளிச்சந்தம், குரத்தி, மாணாக்கி என்னும் சொற்கள் இம்மலைகளில் வழங்கிய சூழலை, நூலகத்தில் அமர்ந்து உணர்தல் அரிது. சென்னையிலிருந்து பெங்களூரு செல்லும் இருப்புப்பாதை ஆம்பூர் வழியாகவே செல்கின்றது. ஆபுவைக் காண வடக்கே செல்வோர் செல்க. செல்லுமுன் மலையம்பட்டில் ஒரு பகல் தங்கி, பாறையின் முகட்டில் எஞ்சிய அவ்வண்ணத்தை அண்ணாந்து நோக்குவாராக. பளிங்கை எவ்வாறு காண்பது என்பதையும் அது அவர்க்குக் கற்பிக்கும்.